18 மீட்டர் கல்யாண மண்டபத்துக்கு பி.டி. பீம்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் என்ஜினியரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: நடுவில் தூணே வரக்கூடாது. அகலம் 15 மீட்டரைத் தாண்டிவிட்டால் அவர் மூன்று வழி சொல்வார். ஆழமான ஆர்.சி.சி. பீம் (சாதாரணக் கம்பி கட்டிய கான்கிரீட்), இரும்பு கர்டர், அல்லது கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு உள்ளே கேபிளை இழுத்துப் பூட்டும் போஸ்ட் டென்ஷன் பீம். சைட்டில் எல்லோரும் சொல்வது பி.டி. பீம். இதற்கென்று தனி சப்-கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். டிசைன், ஸ்ட்ராண்ட் (பல எஃகு இழைகளைத் திரித்த கம்பி; இவை சேர்ந்ததே கேபிள்), டக்ட் (அது ஓடும் தகட்டுக் குழாய்), ஆங்கர் (முனையில் பூட்டும் தட்டு), ஜாக் (இழுக்கும் கருவி), இழுக்கிற ஆள், கிரவுட்டிங் (டக்டைச் சிமெண்ட் குழம்பால் நிரப்புவது) எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரேட்டில் கொடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பு சேவைக்கான மதிப்புரை இது. எந்த ஒரு கம்பெனியையும் பற்றியது அல்ல. தொகுப்பில் என்ன வருகிறது, எது நழுவுகிறது, பீம் உண்மையில் எப்படிச் சுமை தாங்குகிறது என்பதைப் பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 14 முதல் 20 மீட்டர் வரை, மேலே ஆள் கூடும் தளம் இருந்தால், இது நல்ல சரக்கு. 9 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் வீண்செலவு. கிரவுட்டிங் நடக்கும்போது பக்கத்தில் நின்று எழுதிவைக்க உங்கள் தரப்பில் ஆள் இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஏனென்றால் ஒழுங்காகச் செய்த பி.டி. பீமும் கிரவுட் நிரம்பாத பி.டி. பீமும் திறப்பு விழாவன்று ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். தொய்விலும் தெரியாது, விரிசலிலும் தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவைக்குச் சட்டென்று விட்டுக்கொடுக்கும். பீமின் அடிப்பாகம் சுமை ஏறினால் இழுபடும் இடம். அங்கே முன்கூட்டியே அழுத்தத்தைச் சேமித்து வைத்தால், வரும் இழுவை முதலில் அந்தச் சேமிப்பைக் கரைக்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்கள். பட்டை குளிர்ந்து சுருங்கியதும் மரத்துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். அதே வேலைதான் இங்கே கேபிளுக்கும். கூடுதலாக ஒரு லாபம் உண்டு. கேபிளை நேராகப் போடாமல் நடுவில் தாழ்த்தி, முனைகளில் உயர்த்தி, பரவளைவாகப் போடுகிறார்கள். இறுக்கியதும் வளைந்த கேபிள் நேராகிவிடப் பார்க்கும்; அந்த முயற்சியில் பீமை நீளம் முழுக்க மேல்நோக்கித் தள்ளும். இந்தத் தள்ளலைச் சுமைக்கு எதிர்ச்சுமையாக வைத்துக் கணக்குப் போடும் முறையை 1963இல் டி.ஒய். லின் விரிவாக எழுதினார். இன்றைக்கும் பி.டி. டிசைனர்கள் முதல் கணக்கை இப்படித்தான் போடுகிறார்கள்: விசையை எட்டால் பெருக்கி, கேபிளின் தாழ்வால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் மீட்டருக்கு எவ்வளவு மேலே தள்ளும் என்பது கிடைக்கும்.

ஓர் உதாரணத்தை எண்ணோடு போட்டுப் பார்த்தால்தான் கொட்டேஷனைப் படிக்க முடியும். கீழே மண்டபம், மேல்மாடியில் சாப்பாட்டுக் கூடம். பந்தி முடிந்ததும் அதே கூடத்தில் வரவேற்பு, ஆட்டம் பாட்டம் எல்லாம் நடக்கும். ஆகவே நிலையான இருக்கை இல்லாத கூட்டக்கூடத்துக்கு இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி கொடுக்கும் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 100 கிலோ எடை) ஆட்கள் சுமையையே எடுப்போம். பீம் நீளம் 18 மீட்டர், பீமுக்குப் பீம் 4 மீட்டர், தளம் 150 மி.மீ., பீம் அகலம் 450, தளத்தையும் சேர்த்து ஆழம் 1200 மி.மீ. கான்கிரீட் எம்40 தரம். எளிமைக்காக இரு முனையிலும் வெறுமனே தாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

தளமும் பீமும் சேர்ந்த சொந்த எடை மீட்டருக்கு 26.8 கிலோநியூட்டன். டைல்ஸ், பூச்சு, ஃபால்ஸ் சீலிங் வகையில் 6. ஆக நிரந்தரச் சுமை 32.8. ஆட்கள் சுமை 20. மொத்தம் 52.8.

இதற்கு 12.7 மி.மீ. ஸ்ட்ராண்ட் 16 போடுகிறோம். எட்டெட்டாக இரண்டு டக்ட். ஐ.எஸ். 14268 இரண்டாம் வகுப்பு ஸ்ட்ராண்டின் பரப்பு 98.7 சதுர மி.மீ., எடை மீட்டருக்கு 0.775 கிலோ, முறிவுச் சுமை 183.7 கிலோநியூட்டன். முன்னழுத்தக் கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 1343 அனுமதிக்கும் 76 விழுக்காட்டுக்கு இழுத்தால் ஒன்றுக்கு 139.6. உராய்வு, வெட்ஜ் (ஸ்ட்ராண்டைக் கவ்விப் பிடிக்கும் ஆப்பு) வழுக்கல், கான்கிரீட்டின் சுருக்கம், ஊர்வு (நீடித்த சுமையில் மெல்ல இளகுவது), கம்பியின் தளர்வு எல்லாம் போக நாளடைவில் கையில் நிற்பது சுமார் 108. பதினாறுக்கும் சேர்த்து 1728 கிலோநியூட்டன். கேபிள் முனையில் வெட்டுமுகத்தின் மையத்திலும், நடுவில் அடியிலிருந்து 130 மி.மீ. உயரத்திலும் போகிறது, தாழ்வு 730 மி.மீ. சூத்திரத்தில் போட்டால் மேல்நோக்கித் தள்ளல் மீட்டருக்கு 31.1 வருகிறது. நிரந்தரச் சுமையான 32.8ஐக் கிட்டத்தட்ட முழுக்கவே கேபிள் தூக்கிக்கொண்டுவிட்டது.

சுமை ஏற ஏற

இதே அளவு பீமை வெறும் ஆர்.சி.சி.யாகப் போட்டால், ஆள் ஏறும் முன்பே நிரந்தரச் சுமையில் அடிப்பாக இழுவிசை 8.2 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 8.2 நியூட்டன்) ஆகிவிடும். எம்40இன் வளைவு இழுவலிமை 4.4தான். எனவே முதல் நாளே விரிசல் விடும். அதில் தவறில்லை, ஆர்.சி.சி. அப்படி வேலை செய்யவே வடிவமைத்தது. ஆனால் விரிசல் விட்டதும் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கும்; பிறகு ஊர்வு சேர்ந்து தொய்வு வருடக்கணக்கில் வளரும்.

பி.டி. பீமில் நிரந்தரச் சுமையின்கீழ் அடிப்பாகம் இழுவையிலேயே இல்லை, 1.2 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இருக்கிறது. மண்டபம் நிறைந்து முழுச் சுமையும் ஏறினால் இழுவை 3.8 வரை போகும், 4.4ஐத் தொடாது. முழு வெட்டுமுகமும் வேலை செய்வதால் ஆட்கள் சுமைக்கான தொய்வு வெறும் 6 மி.மீ. சுற்று. 18 மீட்டரில் 6 மி.மீ. என்றால் ஃபால்ஸ் சீலிங்கில் கோடுகூட விழாது. பி.டி. பீமுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு இதற்குத்தான். ஐ.எஸ். 1343இன் இரண்டாம் வகை (கொஞ்சம் இழுவை வரலாம், கண்ணுக்குத் தெரியும் விரிசல் கூடாது) பீமுக்கான நிபந்தனையிலும் இது அடங்குகிறது: இழுவை எல்லை 3 மெகாபாஸ்கல், தற்காலிகச் சுமைக்கு 1.5 கூடுதலாகச் செல்லலாம், நிரந்தரச் சுமையில் அழுத்தத்தில் இருந்தால்.

அதற்கும் மேலே போனால்? ஆட்கள் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 5.6 கிலோநியூட்டனை எட்டும்போது நடுவில் முதல் மயிரிழை விரிசல் வரும். இதை ஓனர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சுமைச் சோதனை என்று வந்தால் ஆட்கள் சுமையின் 1.25 மடங்கு, அதாவது 6.25 வைத்து 24 மணி நேரம் விடுவார்கள். தளத்தில் சுமார் 64 செ.மீ. தண்ணீர் தேக்குவதற்குச் சமம். அப்போது அடியில் மெல்லிய விரிசல் தெரிந்தால் பதற வேண்டாம். தண்ணீரை இறக்கியதும் கேபிளின் அழுத்தம் அதை மூடிவிடும். எதிர்பார்க்கும் தொய்வான 8 மி.மீ.யும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிட வேண்டும். ஆர்.சி.சி.க்கு ஐ.எஸ். 456 முக்கால்வாசி மீட்சியே போதும் என்கிறது. பி.டி. பீமில் முக்கால்வாசிதான் திரும்பியது என்றால் சந்தேகப்படுங்கள். மூடாத விரிசல் என்றால் கேபிளில் நினைத்த விசை இல்லை என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது அன்றாட நடத்தை. உடைகிற கட்டத்துக் கணக்கு வேறு, பல கொட்டேஷன்கள் வழுக்குகிற இடமும் இதுதான். சுமையை 1.5ஆல் பெருக்கினால் நடுவில் தேவைப்படும் வளைதிறன் 3208 கிலோநியூட்டன் மீட்டர். 16 ஸ்ட்ராண்டும் முழு வலிமைக்கு வந்தால் தருவது 2690 சுற்று. சுமார் 520 குறைகிறது. இதைச் சாதாரண முறுக்குக் கம்பிதான் கொடுக்க வேண்டும்: அடியில் 20 மி.மீ. கம்பி 4 போதும். "பி.டி. போட்டாச்சே, கீழ்க்கம்பி எதற்கு" என்று அதைக் குறைத்துவிட்டால் தினசரி நடத்தையில் ஒன்றும் தெரியாது. ஆனால் பாதுகாப்பு எல்லை போய்விடும். ஸ்ட்ராண்டுக்குச் சாதாரணக் கம்பிபோலத் தெளிவான நெகிழ்வுப் படி (விசை கூடாமலே நீளும் கட்டம்) கிடையாது. விரிசலை நெருக்கமாகவும் மெலிதாகவும் பரப்பி, ஆபத்துக்கு முன் பீமை நன்றாகத் தொய்யவிட்டு எச்சரிக்கை கொடுப்பதற்கும் இந்தக் கம்பி வேண்டும்.

கொட்டேஷனை எப்படிப் படிப்பது

ரேட் பொதுவாக ஸ்ட்ராண்ட் கிலோ கணக்கில் வரும். நம் பீமுக்கு ஜாக் பிடிக்க வெளியே நீட்டும் நீளத்தையும் சேர்த்தால் 240 கிலோவுக்குச் சற்றுக் கூட. இரண்டு கொட்டேஷனில் கிலோ ரேட்டை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். கீழ்க்கம்பி யார் கணக்கு, ஆங்கருக்குப் பின்னால் வரும் ஸ்பைரல் கம்பியும் கூடுதல் ரிங்கும் யார் கணக்கு, வென்ட் பைப் (டக்டிலிருந்து காற்று வெளியேறும் குழாய்), கிரவுட் சிமெண்ட், அட்மிக்ஸர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்), ஜாக்கைத் தூக்கிப் பிடிக்கச் சாரம், கடைசியில் ஆங்கர் குழியை அடைக்கும் சுருங்காத மோர்ட்டார், இவையெல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறதா பாருங்கள். குறைந்த ரேட் கொடுப்பவர் வெட்டுவது எப்போதும் கிரவுட்டிங்கில்தான். எடை ஏறுவது ஸ்ட்ராண்டில். கிரவுட்டுக்கு அவருக்குக் கிலோ கிடையாது.

கிலோ கணக்கால் வரும் இன்னொரு கோளாறு, கேபிள் வளைவில் கவனம் போய்விடுவது. கிலோ அதேதான், ஆனால் நடுவில் டக்ட் 30 மி.மீ. உயர்ந்து கிடந்தால் தாழ்வு 730இலிருந்து 700 ஆகி, தள்ளல் நான்கு விழுக்காடு போய்விடும். டக்டைத் தாங்கி நிற்கும் சேர் கம்பி ஒவ்வொரு மீட்டருக்கும் வேண்டும், ரிங்கோடு கட்டியிருக்க வேண்டும். அடியிலிருந்து டக்ட் மைய உயரம் நம் பீமில் இப்படி வரும்: நடுவில் 130, நடுவிலிருந்து 3 மீட்டரில் 211, 6 மீட்டரில் 454, முனையில் 860 மி.மீ. கான்கிரீட் போடும் காலையில் டேப்பை எடுத்து இந்த நான்கு இடத்தையும் அளந்தால் போதும், பத்து நிமிஷ வேலை. வைப்ரேட்டர்காரர் டக்ட் மேல் ஏறி நின்றால் சேர் மடங்கும். ஊசியை டக்டில் முட்டினால் மெல்லிய தகடு பிளந்து சிமெண்ட் பால் உள்ளே இறங்கும். இறங்கிய பால் இறுகினால் ஸ்ட்ராண்ட் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையும் திறந்திருந்தால், கான்கிரீட் இறுகும் முன் ஸ்ட்ராண்டை முன்னும் பின்னும் அசைத்து விடுவித்துக்கொள்ளலாம். ஒரு முனையில் வெங்காயம்போல் பிரித்துக் கான்கிரீட்டில் புதைக்கும் டெட் எண்ட் போட்டால் அந்த வாய்ப்பும் கிடையாது. விலை குறையும் என்பதால் பலரும் அதையே போடுகிறார்கள். டக்டைக் காப்பாற்ற ஆள் நிறுத்துவதாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆங்கருக்குப் பின்னால் முதல் ஒரு மீட்டர் தனி உலகம். பதினாறு ஸ்ட்ராண்டின் விசை, 220 டன்னுக்கு மேல், கைக்கு அடக்கமான இரண்டு தட்டுகள் வழியாகக் கான்கிரீட்டில் பாய்ந்து விரிகிறது. விரியும்போது குறுக்கே பிளக்கப் பார்க்கும். ஸ்பைரலும் ரிங்கும் நெருங்கி நிற்பதால் ஜல்லி உள்ளே இறங்காமல் ஹனிகோம்ப் (தேன்கூடு போன்ற ஓட்டைகள்) விழுவதும் இங்கேதான். வெளியே சிமெண்ட் பூசி மறைத்த ஹனிகோம்ப், இழுக்கும்போது தட்டு உள்ளே புதைவதாக வெளிப்படும். அந்த மீட்டருக்கு 12 மி.மீ. ஜல்லி கலந்த, நன்றாக ஓடும் கான்கிரீட் கேளுங்கள்.

இழுக்கிற நாள்

காலண்டரைப் பார்த்து இழுக்கக் கூடாது, க்யூப் (சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டி) வலிமையைப் பார்த்து இழுக்க வேண்டும். ஆங்கர் சப்ளையர் தன் சான்றில் கொடுத்திருக்கும் வலிமை வந்த பிறகே ஜாக் ஏற வேண்டும். பீம் பக்கத்திலேயே வைத்து, அதே தண்ணீர் ஊற்றிய க்யூபாக இருக்க வேண்டும். சென்ட்ரிங் முட்டுகளை அதற்கு முன் எடுக்கக் கூடாது. இழுத்ததும் நம் பீம் நடுவில் சுமார் 3 மி.மீ. எழும்பும், நடு முட்டுகள் தளர்ந்து கையால் ஆட்டினால் ஆடும். ஆடவில்லை என்றால் எங்கேயோ பிசகு.

ஜாக் மீட்டர் விசையைக் காட்டாது, எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும். பிஸ்டன் பரப்பு 40 சதுர செ.மீ. என்று வைத்தால் 139.6 கிலோநியூட்டனுக்கு மீட்டர் 349 பார் காட்ட வேண்டும். எனவே அந்த ஜாக்குக்கும் அந்த மீட்டருக்கும் சேர்த்து எடுத்த கேலிப்ரேஷன் சான்று வேண்டும். வேறு மீட்டரை மாட்டிக்கொண்டு பழைய சான்றைக் காட்டினால் செல்லாது.

மீட்டரை நம்பாமல் சரிபார்க்க உள்ள வழி நீட்சி. ஜிங்க் பூசிய டக்டுக்கு உராய்வு எண் 0.20, டக்டின் சிறு கோணல்களுக்காக மீட்டருக்கு அலைவு எண் 0.003 எடுத்தால், ஜாக் முனையில் 139.6 இருக்கும்போது மறுமுனையில் 124தான் இருக்கும். அந்தச் சராசரி விசையில், ஸ்ட்ராண்டின் மீள்மை எண் 195 கிகாபாஸ்கல் என்று கொண்டால் நீட்சி 123 மி.மீ. ஐந்து விழுக்காடு கூடக் குறைய விட்டால் 117 முதல் 129 வரை சரி. 20 விழுக்காடு விசைக்கு இழுத்துத் தளர்வை எடுத்த பிறகே அளவைத் தொடங்க வேண்டும். முதல் பகுதியை வரைபடத்தில் பின்னோக்கி நீட்டிச் சேர்த்துக்கொள்வார்கள்.

நீட்சி குறைந்தால்: டக்டில் பால் இறங்கியிருக்கும், வளைவு கோணல்மாணலாக இருக்கும், அல்லது மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது. நீட்சி கூடினால்: டெட் எண்ட் வழுக்குகிறது, ஸ்ட்ராண்டில் ஒரு இழை அறுந்திருக்கிறது, அல்லது மில் சான்றில் உள்ள உண்மையான பரப்பையும் மீள்மை எண்ணையும் எடுக்காமல் பொது எண்ணை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னது பேப்பரில் திருத்தினால் தீரும். மற்றவை தீராது. எல்லா ஸ்ட்ராண்டும் ஒரே மாதிரி 123, 123, 123 என்று எழுதிய ஷீட்டை ஏற்காதீர்கள். உண்மையான அளவு ஒருபோதும் அப்படி வராது.

ஜாக்கை விட்டதும் வெட்ஜ் கவ்வுவதற்குள் ஸ்ட்ராண்ட் சுமார் 6 மி.மீ. உள்ளே ஓடும். கேட்கச் சின்னதாகத் தோன்றும். ஆனால் ஜாக் முனையில் ஸ்ட்ராண்டுக்கு 20 கிலோநியூட்டன் அதில் போய்விடும். அந்த இழப்பு பீமுக்குள் 11 மீட்டருக்கு மேல் பரவும். 18 மீட்டர் பீமில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். 6 மீட்டர் பீமில் மொத்த நீட்சியே 43 மி.மீ. சுற்றுதான், அதில் 6 போனால் என்ன மிஞ்சும்? குட்டி பீமுக்கு பி.டி. வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். துருப்பிடித்த வெட்ஜ், மண் ஒட்டிய ஆங்கர் ஓட்டை, இரண்டாம் முறை உபயோகித்த வெட்ஜ் எல்லாம் இந்த 6ஐ 10, 12 ஆக்கும். ஸ்ட்ராண்டில் பெயின்ட் கோடு போட்டு, விட்ட பிறகு அளந்து எழுதச் சொல்லுங்கள்.

நீட்சி ஷீட்டில் டிசைனர் கையெழுத்துப் போடும் வரை வால் ஸ்ட்ராண்டை வெட்டவிடக் கூடாது. வெட்டிவிட்டால் மறுபடி இழுக்கப் பிடி இருக்காது. வெட்டும்போது டிஸ்க் மட்டும். கேஸ் கட்டர் சூடு வெட்ஜின் கடினத்தைக் கெடுக்கும். இழுக்கும் நேரத்தில் ஜாக்குக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது.

கிரவுட்டிங்: மார்க் குறைகிற இடம்

கிரவுட்டுக்கு இரண்டு வேலை. ஸ்ட்ராண்டைத் துருவிலிருந்து காப்பது ஒன்று. ஸ்ட்ராண்டைக் கான்கிரீட்டோடு நீளம் முழுக்கப் பிணைப்பது மற்றொன்று. பிணைப்பு இருந்தால் உடையும் கட்டத்தில் ஸ்ட்ராண்ட் தன் முழு வலிமைக்குப் போகும். பிணைப்பு இல்லையென்றால் நடுவில் வரும் நீட்சி முழு நீளத்துக்கும் பங்கிடப்பட்டு, தகைவு 1600க்குப் பதிலாக 1250 மெகாபாஸ்கல் அளவில் நின்றுவிடும். நம் உதாரண பீமில் கீழ்க்கம்பியையும் சேர்த்தாலும் பாதுகாப்பு 1.5இலிருந்து ஏறத்தாழ 1.25க்கு இறங்கும். அன்றாடத் தொய்வோ அதே 6 மி.மீ.தான், சுமைச் சோதனையும் பெரும்பாலும் பாஸ்.

துரு விஷயம் இன்னும் மோசம். வேல்ஸில் 1953இல் கட்டிய இனிஸ்-அ-குவாஸ் பாலம், நம் மண்டபத்தைப் போலவே சுமார் 18 மீட்டர் நீளம், 1985 டிசம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தது. துண்டு துண்டாக வார்த்துச் சேர்த்த பாலம் அது; இணைப்புகளில் கேபிள் அரித்திருந்தது. அதன் தொடர்ச்சியாக பிரிட்டன் 1992 முதல் 1996 வரை கிரவுட் செய்யும் இவ்வகைப் புதிய பாலங்களையே நிறுத்திவைத்தது. கோவாவில் மாண்டோவி ஆற்றின் முன்னழுத்தப் பாலம் 1986 ஜூலையில் விழுந்ததற்கும் அரிப்பே காரணமாகப் பேசப்பட்டது. கட்டடத்துக்குள் மழையும் உப்பும் அவ்வளவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் தரை கழுவுவார்கள், சென்னையிலும் கடலூரிலும் கடற்காற்று உண்டு.

கலவை எளிது: 50 கிலோ மூட்டைக்கு 21 லிட்டர் தண்ணீர், சுருங்காமல் இருக்க அட்மிக்ஸர், அதிவேக மிக்சர். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45ஐத் தாண்டவே கூடாது. பம்ப் திணறுகிறது என்று ஒரு குவளை கூட ஊற்றுவதில்தான் எல்லாம் கெடுகிறது. கூடுதல் தண்ணீர் பிறகு பிரிந்து மேடான இடத்துக்குப் போகும். நம் பீமில் மேடான இடம் இரு முனையும், அதாவது ஆங்கருக்கு நேர் பின்னால். பல தூண்களைத் தாண்டிச் செல்லும் தொடர் பீமில் தூண் தலைக்கு மேலே. இரண்டும் ஸ்ட்ராண்ட் அரித்தால் தாங்காத இடங்கள். தண்ணீர் வற்றிய பிறகு அங்கே வெற்றிடம் மிஞ்சும்.

ஏமாற முடியாத ஒரு சோதனை இருக்கிறது: மூட்டையை எண்ணுவது. 70 மி.மீ. உள்விட்ட டக்டில் எட்டு ஸ்ட்ராண்ட் போக மிச்ச இடம் 18 மீட்டருக்கு 55 லிட்டர். ஒரு மூட்டை சுமார் 37 லிட்டர் கிரவுட் தரும். ஆக டக்டுக்கு ஒன்றரை மூட்டை, பீமுக்கு மூன்று. ஹோஸிலும் வழிசலிலும் போவது தனி. பீமுக்கு இரண்டு மூட்டையில் முடிந்துவிட்டது என்றால் எங்கேயோ அடைத்திருக்கிறது. நான்கைத் தாண்டினால் பக்கத்து டக்டுக்கோ தளத்துக்கோ கசிகிறது. பீம் வாரியாக மூட்டைக் கணக்கை எழுதிவைக்கச் சொன்னால் சில சப்-கான்ட்ராக்டர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த முகச்சுளிப்பே ஒரு தகவல்.

இழுத்த பிறகு இரண்டு வாரத்துக்குள் கிரவுட் செய்துவிட வேண்டும். பம்ப் வேறு சைட்டில் இருக்கிறது என்று மழைக்காலத்தில் மாதக்கணக்கில் விட்டுவைப்பது இந்தத் தொழிலின் தீராத நோய். முதலில் எண்ணெய் கலக்காத காற்றை விட்டு டக்ட் திறந்திருக்கிறதா பார்க்க வேண்டும். ஒரு பக்கமிருந்து நிறுத்தாமல் செலுத்தி, மறுபக்க வென்டில் உள்ளே போவதைப் போலவே கெட்டியாக வெளியே வந்த பிறகு மூடி, 0.5 மெகாபாஸ்கல் அழுத்தத்தை ஒரு நிமிஷமாவது பிடித்து நிறுத்த வேண்டும். கோடையில் வேலையை விடியற்காலையில் தொடங்கி, தண்ணீரில் ஐஸ் போடுவது நல்லது. சுட்ட கிரவுட் பாதி வழியில் இறுகிவிடும். மறுநாள் முனை வென்டைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி உள்ளே இறங்கினால் அன்றே மேல்நிரப்பு செய்ய வேண்டும்.

யாருக்கு வேண்டாம்

இறுக்கிய பீம் குட்டையாகும். உடனடி அழுத்தத்திலும், பின்னால் ஊர்விலும் சுருக்கத்திலும் சேர்த்து 18 மீட்டருக்கு 8 மி.மீ. சுற்று வரும். இரு பக்கமும் மெல்லிய தூண் என்றால் ஆளுக்கு 4 மி.மீ. வளைந்து கொடுக்கும். ஒரு பக்கம் லிஃப்ட் சுவர், மறுபக்கம் மாடிப்படிச் சுவர் என்று இரண்டு முனையிலும் விறைப்பான சுவர் இருந்தால் பீம் சுருங்க முடியாது. கேபிள் விசையில் ஒரு பங்கு சுவருக்குப் போய்விடும். தளத்திலும் சுவரிலும் சாய்ந்த விரிசல் வரும். பிளானைத் திருத்த முடியாத கட்டடத்துக்கு இரும்பு கர்டரே மேல். தீயும் கணக்கில் வர வேண்டும். ஸ்ட்ராண்ட் சுமார் 400 டிகிரியிலேயே பாதி வலிமையை இழக்கும், சாதாரணக் கம்பி அதைவிட அதிகம் தாங்கும். சமையற்கூடத்துக்கு நேர் மேலே வரும் பீமுக்கு கவரை (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கனத்தை) கூட்டச் சொல்லுங்கள்.

பின்னாளில் தளத்தில் ஓட்டை போட்டு லிஃப்டோ ஏ.சி. டக்டோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அலங்காரக்காரர், ஏ.சி.காரர், லைட் கட்டுகிறவர் எல்லோரும் பீம் அடியில் டிரில் போடுவார்கள். நம் பீமில் நடுப்பகுதியில் டக்டின் அடி, பீம் அடியிலிருந்து 90 மி.மீ.யில்தான் இருக்கிறது. 50 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாத ஆங்கர் போல்ட் மட்டும் அனுமதி என்று எழுதி, டக்ட் ஓடும் கோட்டைப் பீம் அடியில் பெயின்டால் வரைந்துவிடச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் மூடும் முன் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனல் பில்லுக்கு முன் வாங்க வேண்டியவை: கேபிள் உயரங்களோடு கட்டியபடியான வரைபடம், ஸ்ட்ராண்டின் மில் சான்று, ஜாக் கேலிப்ரேஷன், ஸ்ட்ராண்ட் வாரியான நீட்சி ஷீட், டக்ட் வாரியான கிரவுட் மூட்டைக் கணக்கு. கடைசி இரண்டும் வரும் வரை பத்து விழுக்காடு பணத்தைப் பிடித்து வைப்பது நியாயம்தான், அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் சண்டையும் வராது.